கொதித்ததா, கொதித்துக்கொண்டிருந்ததா?

மாணவர்களே, ஆய்வு அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும்போது இறந்தகால வினையைக் கவனியுங்கள். கொதிக்கும் நீரில் உப்பைப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி எழுதுவீர்கள்?

‘வென் ஐ ஆடட் சால்ட், த வாட்டர் பாயில்ட்’: உப்பைப் போட்டதும் நீர் கொதித்தது. உப்புதான் காரணம் என்று படிப்பவர் எண்ணுவார்.

‘வாஸ் பாயிலிங்’: உப்பைப் போட்டபோது நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இதுவே சரி.

‘ஹேட் பாயில்ட்’: அதற்கு முன்பே நீர் கொதித்துவிட்டது. இப்போது ஆறியும் இருக்கலாம்.

உண்மையில், உப்பு கரைந்தால் நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸைவிடச் சற்று உயரும். முதல் வாக்கியமோ காரணத்தையே மாற்றிவிடுகிறது.

எழுதுமுன் கேளுங்கள்: எது முதலில் நடந்தது? எது அப்போது நடந்துகொண்டிருந்தது? விடைக்கேற்ப வினையைத் தேர்ந்தெடுங்கள்.