பக்கத்து மனையில் பைல் அடிக்கும்போது

பக்கத்து மனையில் பைல் அடிக்க, அதாவது அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் இறக்கத் தொடங்கியதுமே அலமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும். டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாய் அலை ஓடும். சுவர் தாங்குமா என்ற பயம் அப்போதே வந்துவிடும். பயப்படுவது நியாயம்தான். ஆனால் அதிர்வை உணர்வதில் நம் உடம்பு சுவரைவிடப் பல மடங்கு நுட்பமானது. தரை நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் ஆடினாலே வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். குடியிருப்புகளின் அஸ்திவாரத்துக்கு ஜெர்மனியின் டின் 4150 தரநிலை வைத்திருக்கும் வரம்போ, மெதுவான அதிர்வுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர். பழமையான பாரம்பரியக் கட்டடங்களுக்கு 3.

இந்த அதிர்வு வேகத்தை அளப்பது ஜியோபோன். கைக்குள் அடங்கும் உருளை அது. உள்ளே ஒரு காந்தம். அதைச் சுற்றி, ஸ்பிரிங்கில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருள். தரை அதிர்ந்தால் காந்தம் தரையோடு சேர்ந்து ஆடும். சுருள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பஸ் சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அப்படி. இரண்டுக்கும் நடுவே அசைவு வந்ததும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். அசைவின் வேகம் கூடக்கூட அதுவும் கூடும். மேல்கீழ் அசைவுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு இரண்டு என மூன்று ஜியோபோன்கள் ஒரே பெட்டியில் இருக்கும்.

பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை நடக்கும் பக்கத்து வெளிச்சுவரின் அடியில், அஸ்திவாரத்தோடு இறுக்கிப் பொருத்த வேண்டும். பெயர்ந்து கிடக்கும் டைல்ஸ்மேல் சும்மா வைத்தால், டைல்ஸின் ஆட்டம்தான் பதிவாகும்.

நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதும் முக்கியம். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். மெதுவான அதிர்வு கட்டடத்தின் இயல்பான ஆட்டத்தோடு அப்படித்தான் சேர்ந்துகொள்ளும். நொடிக்கு 50 முறைக்கு மேல் ஆடும் அதிர்வு என்றால் அதே வீட்டுக்கு வரம்பு நொடிக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல் போகிறது.

அதிர்வு குறைவாக இருக்கிறதே என்று மண்ணை மறந்துவிடக் கூடாது. 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் சரிந்து இருவர் இறந்தார்கள். பக்கத்தில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய குழியின் தடுப்புச் சுவரில் குறை இருந்தது. அதன் வழியே அடிமண்ணும் நீரும் வெளியேறிவிட்டன. அதனால் கட்டடம் இறங்குகிறதா, சாய்கிறதா என்றும் தனியே அளக்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன்பே வீட்டின் ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு படம் எடுத்துவையுங்கள் என்பேன். பெரிய விரிசலின் குறுக்கே இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஒட்டுவார்கள். ஒன்றில் மில்லிமீட்டர் கட்டங்கள், மற்றதில் கூட்டல் குறி. வெயிலுக்கே விரிசல் கொஞ்சம் விரிந்து சுருங்கும் என்பதால், தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவர வேண்டும்.