கைகழுவும் தொட்டியும் தூர் வாருதலும்



வாய்க்காலைத் தூர் வாருதல் பற்றிச் சிதம்பரம் வட்டத்து உழவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை அடையும் நீர், பல கிளை வாய்க்கால்களைக் கடந்தே வயலுக்கு வருகிறது. வாய்க்காலில் படிந்த வண்டலை உழவர் முன்னே தள்ளிவிடுவதில்லை. வாரிக் கரைமேல் இடுகின்றனர். தள்ளினால் அது அடுத்த மதகை அடைக்குமன்றோ? இந்த எளிய அறிவு நம் குளியலறையிலுள்ள கைகழுவும் தொட்டிக்கும் பொருந்தும் என்பதே நான் இன்று கூற விழைவது.

தொட்டியில் நீர் மெல்ல வடிகிறதெனின், முதலில் மற்ற வடிகால்களையும் நோக்குக. எல்லாமே மந்தமாயின் அடைப்பு வெளிக்குழாயில் உள்ளது. கடலூரின் தாழ்ந்த பகுதிகளில், ஐப்பசி கார்த்திகை மழையில் தெருச் சாக்கடை நிரம்பியதாலும் அவ்வாறு நேரலாம். அது குழாய்ப் பணியாளரை அழைக்கவேண்டிய காரியம். தொட்டி ஒன்று மட்டுமே மந்தமாயின், அடைப்பு பெரும்பாலும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கும்.

அவ்வடைப்பு யாது? தலைமயிரும் சோப்புமே. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் கூடிக் கரையாத வெண்படிவாகின்றன. அது மயிரில் ஒட்டித் திரிதிரியாகத் திரள்கிறது. ஆகவே, கிணற்று நீர் கடினமாயுள்ள வீடுகளில் இத்தொல்லை மிகுதி.

இனிச் செய்முறையைக் கூறுவேன். நுனி வளைந்த மெல்லிய கம்பியைத் துளைவழியே விட்டு மயிரை மேலே இழுத்தெடுங்கள். பின்னும் நீர் வடியாவிடில், பக்கவாட்டிலுள்ள மேல்துளையை ஈரத்துணியால் அடைத்து, ரப்பர்க் குவளையை நீரில் அமிழ்த்திப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி இழுங்கள். மேல்துளை திறந்திருந்தால் அழுத்தமெல்லாம் அதன் வழியே வீணாகும்.

அதற்கும் இணங்காவிடில், அடியில் ஒரு வாளியை வைத்து, புட்டி வடிவிலுள்ள டிராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். வளைகுழாய் மட்டுமே உள்ள வீடுகளில் அதன் மரையைக் கழற்றினால் போதும். கசடை வழித்தெடுத்து, வாஷரை மீண்டும் பொருத்தி, நீர் விட்டுக் கசிவு உண்டா என்று பாருங்கள். டிராப்பில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர்தான் சாக்கடை வாயு வீட்டினுள் ஏறாமல் தடுக்கும் பூட்டு. 1775-இல் அலெக்சாந்தர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர், மலக்கழிப்பிடத்துக்காகப் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் தத்துவமும் இதுவே.

இத்தனை எளிய வேலைக்கு அஞ்சிச் சிலர் ஆசிட் புட்டியை நாடுகின்றனர். இங்கேதான் அபாயம் இருக்கிறது. ஆசிட் ஊற்றிய குழாயில் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரே போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்ற நச்சு வாயு அதுவே. காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் அது என்ன செய்யும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. காஸ்டிக் சோடா நீருடன் கூடிக் கொதித்துக் கண்ணில் தெறிக்கக்கூடியது. ஒரு மருந்தை முன்பே ஊற்றிவிட்ட குழாயில் மற்றொன்றை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அக்குழாயைக் கழற்றவும் வேண்டா. பழுது பார்க்க வருபவரிடம் ஊற்றியது இன்னதென்று தவறாது சொல்லிவிடுங்கள். அவருடைய கண்ணும் கையும் அந்தச் சொல்லை நம்பியிருக்கின்றன.

எடுத்த கசடைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் இடுங்கள்; தெருச் சாக்கடையில் எறியாதீர்கள். தக்க பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. எனினும், நாம் கீழே தள்ளுவதெல்லாம் எங்கோ ஓரிடத்தில் தேங்கி மற்றொருவரின் வேலையாகிறது. துளையின்மேல் சிறு வலை ஒன்றை இட்டு, வாரம் ஒருமுறை மயிரை அகற்றி வந்தால், குழாயைக் கழற்றும் தேவையே பெரும்பாலும் எழாது.