ராட்சசிக்கு மட்டும் ஏன் என் நிறம்?



எனக்கு வயது 44. கணவர், மாமியார், ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் என்று அளவான குடும்பம். கும்பகோணத்தில் இருக்கிறோம். சமையல், பாத்திரம், துணி என்று ஓடுகிற ஓட்டத்தில் எனக்கே எனக்கென்று இருப்பது ஒரே ஒரு பொழுதுபோக்கு. படம் வரைவது. காகிதத்தில் இல்லை, டேப்லெட்டில். அதுவும் யாளி, கின்னரி, கடலுக்கடியில் வாழும் ராஜகுமாரி, தேவதை, ராட்சசி என்று உலகத்தில் இல்லாத பிறவிகளாகப் பார்த்து வரைவேன்!

சின்ன வயதில் அம்புலிமாமா வீட்டுக்கு வந்தால், கதையைப் படிப்பதற்கு முன் படத்தைத்தான் பார்ப்பேன். வேதாளத்தைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பாரே, நினைவிருக்கிறதா? நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதை எத்தனை முறை வரைந்திருப்பேனோ, கணக்கே இல்லை. 2020ல் அவர் காலமான செய்தியைப் பார்த்தபோது சொந்தக்காரர் போனது போல மனசு கனத்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் கை வாசல் கோலத்தோடு நின்றுவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன், மகள் தன் படிப்புக்கு வாங்கிய டேப்லெட்டில் 'ஐபிஸ் பெயின்ட்' என்ற ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். இலவசம்தான், நடுநடுவே விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் முனை வைத்த பேனா ஒன்று வாங்கிக்கொண்டேன். முதலில் கோடெல்லாம் கோணல் மாணல். அதிலேயே 'ஸ்டெபிலைசர்' என்று ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டி வைத்தால் கை நடுக்கம் கோட்டில் அவ்வளவாகத் தெரியாது. 'லேயர்' என்பது கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது மாதிரி. கோடு ஒரு தாளில், நிறம் ஒரு தாளில், நகை ஒரு தாளில். புடவை நிறம் பிடிக்கவில்லையா? அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். பாதி முகம் வரைந்தால் மறுபாதி தானாக வருகிற வசதியும் உண்டு. புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய நமக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை.

"பொழுதன்னைக்கும் அந்தப் பலகையைத் தேய்ச்சுக்கிட்டு! அதுல என்னம்மா வருது?" என்பார் மாமியார். "காசு வராது அத்தை, நிம்மதி வருது" என்பேன்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் அவள் அப்பாவைப் போல நல்ல கறுப்பு. விசேஷ வீடுகளில், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், சண்டைக்கே போயிருக்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடலை மாவையும் தயிரையும் குழைத்து அவள் முகத்தில் பூசிவிடுவதும் நான்தான்.

போன வருஷம் பெரிய லீவில் ஒருநாள், என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்: "ஏம்மா, உன் தேவதை எல்லாம் ரோஸ் கலர். ராட்சசி மட்டும் ஏம்மா என் கலர்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று சாதம் இறங்கவில்லை.

ராத்திரி உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பார்த்தேன். நல்லவர்கள் அத்தனை பேரும் வெளுப்பு, கூர் மூக்கு, மெல்லிய உதடு. கெட்டவர்கள் அத்தனை பேரும் கறுப்பு, அகல மூக்கு, தடித்த உதடு, சுருட்டை முடி. யாரும் எனக்கு இப்படி வரை என்று சொல்லித் தரவில்லை. 1894ல் மும்பையில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கிய பிறகு வண்ணத் தெய்வப் படங்கள் வீடு வீடாக வந்தன. பின்னாளில் காலண்டர், சினிமா, கார்ட்டூன். பார்த்துப் பார்த்து அந்த முகம் என் கையில் ஊறிவிட்டது. ஊரார் வாயைக் குறை சொன்ன நான், என் கையைக் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூவருமாகத் தாராசுரம் போனோம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோவில். 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் உண்டு. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. மகள் மறைத்து மறைத்துப் பார்த்தாள். எத்தனையோ முறை போன கோவில்தான். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. தேவனும் அசுரனும் யாளியும் ஒரே நிறக் கல்தான்! கோரைப் பல்லும் உருட்டு விழியுமாக நிற்கும் துவாரபாலகர் கெட்டவரா என்ன? சுவாமிக்கே காவல் அவர்தானே!

மாமியார் சொன்னார்: "பெருமாள் கறுப்பு, காளி கறுப்பு. பாஞ்சாலிக்கே கிருஷ்ணைன்னு ஒரு பேரு உண்டு, கறுத்தவள்னு அர்த்தம். இதுக்கா இவ்வளவு யோசனை?" என் மனதில் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

வீட்டுக்கு வந்து கறுப்பு நிறத்தில் ஒரு தேவதை வரைய உட்கார்ந்தேன். சும்மா கருமையைக் கூட்டினால் முகம் சாம்பல் பூசினாற்போல ஆகிவிட்டது. மகளை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அடி நிறத்தில் சிவப்பு கலந்த பழுப்பு இருக்க வேண்டும். நிழலுக்குக் கறுப்பைச் சேர்க்காமல் கருநீலமோ ஊதாவோ சேர்க்க வேண்டும். நெற்றி, மூக்குத் தண்டு, கன்னம் மூன்றிலும் வெளிச்சம் பளிச்சென்று விழும். அந்த மினுமினுப்பை வரைந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். தங்க நகையும் எடுப்பாகத் தெரியும்.

கெட்டவனைக் காட்டவும் நிறம் வேண்டாம். புருவம் நெரிந்திருப்பதும், பார்வை எங்கே போகிறது என்பதும், கை என்ன செய்கிறது என்பதும் போதும். இப்போது என் கதையில் வெள்ளை வெளேரென்று சிரித்துக்கொண்டே ஏமாற்றும் ராஜா ஒருவன் இருக்கிறான். கோரைப் பல்லோடு குழந்தைகளைக் காக்கும் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். மூக்கு மட்டும் என் மாமியார் மூக்கு! அவருக்கு இன்னும் தெரியாது.

தேவதையை மகளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூக்கு இன்னும் கொஞ்சம் அகலம்மா. என் மூக்கு இப்படியா இருக்கு?" என்றாள். மாற்றி வரைந்தேன்.

கடலை மாவு டப்பா இப்போது பஜ்ஜிக்கு மட்டும்தான்.

தோழிகளே, பொம்மை வாங்கும்போதும், கதை சொல்லும்போதும், படம் வரைந்து கொடுக்கும்போதும் நம் பிள்ளைகள் அதில் தங்களைத் தேடுகிறார்கள். அவர்கள் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்களேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.