தரைக்கு அடியில் ஒரு டெபாசிட்!

சத்தியமங்கலத்தில் இப்போதெல்லாம் புது வீட்டுக்குப் போனால் உடனே காபி வருவதில்லை. முதலில் தரையைக் காட்டுகிறார்கள். "குஜராத் மோர்பியிலிருந்து வந்த டைல்ஸுங்க. மொகம் பாத்துக்கலாம்!" நாமும் குனிந்து, தலையில் எவ்வளவு முடி கொட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நிமிர்கிறோம்.

பி.காம். படித்த தோஷம், எனக்குப் பளபளப்பைக் கண்டால் பாலன்ஸ் ஷீட் ஞாபகம் வரும். டைல்ஸின் பாலன்ஸ் ஷீட் அதற்கு அடியில் இருக்கிறது.

வங்கிக் கடனில் வீடு கட்டிய நண்பர் ஒருவர், டைல்ஸ் நிறம் பார்க்க மனைவி, மாமியார், மச்சினன் சகிதமாக ஈரோடு, கோவை என்று நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்தார். அடியில் என்ன போடுவது என்பதை நாலே நிமிஷத்தில் முடித்தார். "ஏதாச்சும் பாத்துப் போட்டுருங்க மேஸ்திரி!" அவரும் 'ஏதாச்சும்' போட்டார். இரண்டாவது கோடையில் ஒரு மத்தியானம் ஹாலில் 'டொப்'பென்று சத்தம். நாலு டைல்ஸ் கூடாரம் அடித்து நின்றன. கடன் தவணை இன்னும் பதினெட்டு வருஷம் பாக்கி!

அடுத்து வந்த மேஸ்திரி வயசானவர். பெயர்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் தம்பி, மேல பட்டுச் சட்டை போட்டிருக்கீங்க, உள்ள பனியனே இல்லீங்களே!"

அந்த பனியன் சமாசாரம் இதுதான்.

முதலில் மண். பேஸ்மென்ட்டுக்குள் கொட்டும் கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் மூன்றடி கொட்டினால், பின்னால் அது தானாக இறங்கும். தரையும் கூடவே இறங்கும். சந்தேகமிருந்தால் பவானிசாகருக்கு பஸ் ஏறுங்கள். 1955-ல் கட்டி முடித்த அணை, பெரும்பகுதி மண்தான். இறுக்கிய மண் என்பதால் அவ்வளவு தண்ணீரைத் தாங்குகிறது. நம் சோபாவைத் தாங்காதா? கரிசல் மண் மட்டும் வேண்டாம். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும்.

அதன்மேல் 4 அங்குல ஜல்லிக் கான்கிரீட், 1:4:8 கலவை. 10-க்கு 12 அறைக்கு 40 கன அடி. ஓர் அங்குலம் குறைத்தால் 10 கன அடி மிச்சம் என்று மனசு கணக்குப் போடும். போட விடாதீர்கள். ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். பிறகு காய்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் மிச்சம், இன்னும் பொறுங்கள்.

அடுத்தது, டைல்ஸுக்கேற்ற பிடிப்பு. சாதா செராமிக் தண்ணீர் குடிக்கும்; ஊற வைத்து சிமென்ட் கலவையில் பதிக்கலாம். விட்ரிஃபைடு அரை சதவிகிதம்கூடக் குடிக்காத விரதக்காரர். வெறும் சிமென்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. டைல் பசைதான் நல்லது. பசைக்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும். பெரிய டைல்ஸ் என்றால் 10 அடி நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் ஆகாது. இட்லி மாதிரி நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து ஒட்டுகிறார்களா? நிறுத்துங்கள். நடுவில் வெற்றிடம்! டைலுக்கு டைல் 2 மில்லிமீட்டராவது இடைவெளி, சுவரோரம் இன்னும் கொஞ்சம். வெயிலில் விரிய இடமில்லாமல்தான் கூடாரம் அடிக்கின்றன.

பழைய சிவப்பு சிமென்ட் தரையா? தட்டிப் பாருங்கள். கணீரென்றால், மெழுகுப் பூச்சைச் சுரண்டி, கொத்திவிட்டு மேலேயே ஒட்டலாம். பொள்ளென்றால் பெயர்த்தே ஆகவேண்டும். கதவையும் அளந்து பாருங்கள். கலவையும் டைல்ஸுமாக ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டால் கதவு திறக்காது. பாத்ரூமில் மூன்றடிக்கு அரை அங்குலம் சரிவை அடித்தளத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

நிறம் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுக்கிற நாம், மண் இடிக்கிற அன்றைக்கு ஒரு கேஷுவல் லீவு போடலாம். நாம் இல்லாவிட்டாலும் ஆபீஸ் ஓடும் ஸார்... தரை ஓடாமல் நிற்க வேண்டுமே!