ஓட்டல் சமையற்கட்டில் கரப்பானும் எலியும்!

மெஸ் நடத்துகிறீர்களா? கேட்டரிங் செய்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

"டாக்டர், வேப்பிலைப் புகை போட்டா கரப்பான் ஓடிடுமா?" என்று கேட்கிறார்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: ஓடும்; புகை அடங்கியதும் திரும்பி வரும்!

ஓட்டல்களில் குடியிருப்பது பெரும்பாலும் சின்னதாக, பழுப்பாக இருக்கும் ஜெர்மன் கரப்பான். ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள். ஸ்ப்ரே அடித்தால் வெளியே திரிவது சாகும். கூட்டுக்குள் இருப்பது தப்பிவிடும். அப்புறம் என்னதான் செய்வது?

* பட்டினி போடுங்கள். கடை சாத்தும் முன் அடுப்படிப் பிசுக்கு, கிரைண்டர் அடி, ஃபிரிட்ஜின் பின்புறம் எல்லாம் துடைத்து, தரையை உலர விடுங்கள்.
* குப்பையை இரவே வெளியேற்றுங்கள்.
* சரக்கு வந்த அட்டைப்பெட்டிகளை உள்ளே அடுக்காதீர்கள். கரப்பான் அதில்தான் வந்து சேரும்.
* கதவடி, குழாய் ஓட்டைகளை அடையுங்கள். சுண்டெலி நுழைய 6 மி.மீ. இடைவெளி போதும்.
* கரப்பான் ஜெல்லைச் சந்துகளில் மட்டும் பொட்டுப் பொட்டாக வையுங்கள். சமையல் மேடையில் கூடாது.

எலி பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்! அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கும். முறிவு மருந்து கிடையாது. சாப்பிட்டவர் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரிவார். அதை நம்பாதீர்கள். கஷாயம், கைவைத்தியம் என்று காத்திராமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எலிக்குப் பொறி போதும். அதைத் தினமும் காலையில் பார்க்க ஓர் ஆளும் வேண்டும், அவ்வளவுதான்!