ஒருநாள் டிரிப்பா? திரும்பி வர்ற வண்டியை முதல்ல பாருங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடில் விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும்தான். போன வாரம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "கார் இல்லை, பைக்கில் அவ்வளவு தூரம் போகப் பயம். பஸ், ரயிலை மட்டும் நம்பி சென்னையிலிருந்து ஒருநாளில் எங்கேயாவது போய்ட்டு வர முடியுமா?"

முடியும். ஆனா அதை எப்படிச் செய்யக்கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன். அதைக் கத்துக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும், எங்க அம்மாவோட முழங்காலும் செலவாச்சு.

எங்க அம்மாவோட கல்யாணப் புடவை காஞ்சிபுரத்தில் எடுத்தது. தாத்தா போய் எடுத்து வந்தார். அம்மா அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. நாங்க இருக்கிறது தாம்பரம். காஞ்சிபுரம் என்ன, அமெரிக்காவிலா இருக்கு? "வாம்மா, ஞாயித்துக்கிழமை போலாம்"னு கூட்டிட்டுப் போனேன்.

நான் பார்த்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: எப்படிப் போறது. காலை டிபன் முடித்து ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஸ்டேஷனில் நின்ற பிறகுதான் தெரிந்தது, நான் பார்த்த நேரம் வாரநாள் அட்டவணை. அந்த வண்டி அன்றைக்கு இல்லை. முக்கால் மணி நேரம் வீண். அப்புறம் படப்பை, ஒரகடம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்துக்கு முன்னால் நின்றபோது மணி பன்னிரண்டு இருபது.

"நடை சாத்திட்டாங்க தம்பி, நாலு மணிக்கு வாங்க" என்றார் பூ விற்கும் அம்மா.

அந்த மூணே முக்கால் மணி நேரத்தை எங்கே கழிப்பதுன்னு என்னிடம் பதில் இல்லை. நல்ல வெயில். ஒரு ஓட்டல், ஒரு புடவைக்கடை, அப்புறம் ஒரு கடை வாசல் படிக்கட்டு. நாலு மணிக்கு நடை திறந்ததும் ஒரே ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினோம். உட்கார இடமில்லை. ஒரகடம் வரைக்கும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது.

உங்க கையில் இருக்கிறது எத்தனை மணி நேரம்?

ஒருநாள்னு வாயால சொல்றோம். கணக்குப் போட்டுப் பாருங்க. காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரவு ஒன்பதுக்குத் திரும்பினால் பதினைந்து மணி நேரம். போக, வர, காத்திருக்க, ஆட்டோ பிடிக்க என்று ஐந்து மணி நேரம் போய்விடும். மீதி பத்து. காஞ்சிபுரத்தில் பெரும்பாலான கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறப்பார்கள். அதையும் கழித்தால் ஆறு மணி நேரம்தான் உங்களுடையது.

ஒன்பது மணிக்குக் கிளம்பின எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். மூணு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினதால் நான் இழந்தது நாலரை மணி நேரம். காலை நேரத்தைத் தவறவிட்டால் மதிய இடைவெளியும் சேர்ந்து விழுங்கிடும். கோயில் ஊர்களுக்குப் போறவங்க இதை மனசில வெச்சுக்கணும்.

கடைசியிலிருந்து ஆரம்பிங்க

நாம எல்லோரும் காலையில் எப்படிப் போறதுன்னு பார்ப்போம். சாயங்காலத்தை "பார்த்துக்கலாம்"னு விட்டுடுவோம். இதைத் தலைகீழா செய்யணும்.

முதல்ல, வீட்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்னு முடிவு பண்ணுங்க. அதுக்கு எந்த வண்டியில் ஏறணும்? அந்த வண்டியை விட்டால் அடுத்தது எது? அதுவும் இல்லைன்னா என்ன வழி? இந்த மூணு கேள்விக்கும் பதில் எழுதின பிறகு காலை வண்டியைப் பாருங்க. நீங்க ஏற நினைக்கிற வண்டி அன்றைய கடைசி வண்டியாக இருக்கவே கூடாது. கடைசிக்கு முந்தினது உங்க வண்டி. கடைசி வண்டி உங்க இன்ஷூரன்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை போனால் ஞாயிறு அட்டவணையைத் தனியாப் பாருங்க. சென்னை புறநகர் ரயில்கள் அன்றைக்குக் குறைவா ஓடும். பராமரிப்புப் பணிக்காகச் சில வண்டிகளை ரத்து செய்வதும் உண்டு. முந்தின நாள் ராத்திரி தெற்கு ரயில்வே அறிவிப்பை ஒரு தடவை பார்த்துட்டுத் தூங்குங்க. முடிஞ்சா சனிக்கிழமை போங்க.

பஸ்ஸுக்கும் இதேதான். எந்த நிலையத்திலிருந்து கிளம்புதுன்னு பழைய ஞாபகத்தை வைத்துப் போகாதீங்க. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. அதன் பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே போய்விட்டன. கோயம்பேட்டில் போய் நின்றுகொண்டு முழிப்பவர்களை நானே பார்த்திருக்கேன்.

முடிச்சு ஊரைத் தெரிஞ்சுக்கோங்க

எனக்கு ரொம்ப உதவின விஷயம் இது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை சுமார் 60 கிலோமீட்டர். அதுவரைக்கும் ரயில் அடிக்கடி இருக்கு. செங்கல்பட்டைத் தாண்டி வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் திரும்பினால் ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்கு வழிவிட்டு நிற்கணும். வண்டிகளும் கம்மி.

அதனால், காஞ்சிபுரத்தில் ரயிலை விட்டுட்டால் பதறவே வேண்டாம். சென்னைக்கு நேர் வண்டிதான் வேணும்னு நிக்காதீங்க. செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுங்க. சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே போய்ச் சேர்ந்துட்டா ராத்திரி வரைக்கும் லோக்கல் இருக்கு. பல வண்டிகள் செங்கல்பட்டிலிருந்தே புறப்படுவதால் உட்கார இடமும் கிடைக்கும். இது எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா அம்மா நின்றிருக்க வேண்டாம்.

எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு முடிச்சு ஊர் இருக்கும். அடிக்கடி வண்டி கிடைக்கிற கடைசி இடம் அது. மாமல்லபுரம் போறவங்களுக்குத் திருவான்மியூர். திருத்தணி போறவங்களுக்கு அரக்கோணம். மேப்பைத் திறந்து முதல்ல அந்த ஊரைக் கண்டுபிடிங்க.

கதவு மூடியிருக்குமா?

வார விடுமுறையையும் பார்த்துக்கோங்க. வண்டலூர் உயிரியல் பூங்காவும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற தட்சிணசித்ராவும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை. வேடந்தாங்கலுக்கு மே மாதம் போனால் ஏரிக்கரையில் காத்து வாங்கிட்டு வரலாம். பறவைகளைப் பார்க்கணும்னா நவம்பர் முதல் மார்ச் வரைக்கும்தான் போகணும்.

அடுத்து மத்தியானம். பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் எங்கே உட்காருவீங்க? நிழல், ஃபேன், கழிவறை மூணும் இருக்கிற இடம் வேணும். உங்ககூடப் பெரியவங்க வந்தால் இது கோயிலை விட முக்கியம்.

காசு விஷயம் ஒரு வரியில்: புறநகர் ரயில்தான் ரொம்ப மலிவு. மகளிருக்கு இலவசம் என்பது 2021ல் தொடங்கிய சாதாரண நகரப் பேருந்துகளுக்கான திட்டம். காஞ்சிபுரம் போகும் வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கணும்.

இரண்டாவது தடவை

மூணு மாசம் கழித்து அம்மாவிடம் மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "வரேன். ஆனா மத்தியானம் எங்க உக்காரப் போறோம்னு முதல்ல சொல்லு."

நியாயம்தானே. இந்தத் தடவை ஒரு துண்டுச் சீட்டில் கீழேயிருந்து மேலே எழுதினேன். கடைசி வரியில் வீடு, எட்டரை மணி. அதுக்கு மேலே செங்கல்பட்டு லோக்கல். அதுக்கும் மேலே காஞ்சிபுரத்திலிருந்து பஸ். மத்தியானத்துக்கு நேராக ஒரு ஓட்டல், அப்புறம் ஒரு கைத்தறி சங்கத்துக் கடை. உச்சியில் தாம்பரம் ஸ்டேஷன், விடிகாலை ரயில்.

சனிக்கிழமை. வண்டியில் ஜன்னலோரம் இடம். செங்கல்பட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கொளவாய் ஏரி வந்தது. அம்மா போனை எடுத்து வீடியோ பிடிச்சாங்க.

இறங்கினதும் நேரா கைலாசநாதர் கோயில். ஊரின் மேற்குக் கோடியில் இருக்கிறதால பலரும் அதைக் கடைசிக்கு ஒதுக்குவாங்க. நாங்க முதல்ல போனோம். கூட்டமே இல்லை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் சுமார் 1300 வருஷத்துக்கு முன்னால் கட்டின மணற்கல் கோயில். சுற்றுச்சுவர் நெடுக வரிசையாகச் சின்னச் சின்ன சன்னதிகள், மொத்தம் 58. சிலவற்றில் பழைய சுவர் ஓவியத்தின் நிறம் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாங்க. நான் வாட்சைப் பார்க்கலை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பத்தரைக்கு ஏகாம்பரநாதர். நடை சாத்துவதற்கு முன்னாலேயே வெளியே வந்துட்டோம். மத்தியானம் ஃபேனுக்குக் கீழே சாப்பாடு, அப்புறம் கைத்தறிக் கடை. அம்மா ஒரு புடவையின் முந்தானையைத் தடவிப் பார்த்து, நெசவு பற்றி அங்கே இருந்தவரிடம் அரை மணி நேரம் பேசினாங்க. எதுவும் வாங்கலை. நாலு மணிக்கு சின்ன காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்த்தோம். ஐந்தரைக்குப் பஸ் ஏறினோம்.

செங்கல்பட்டு லோக்கலில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் தாண்டும்போது அம்மா கேட்டாங்க: "அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுடாத. அடுத்தது எந்த ஊரு?"

நீங்களும் ஒரு சீட்டு எழுதிப் பாருங்க. கீழேயிருந்து மேலே. போயிட்டு வந்து எந்த ஊருக்குப் போனீங்க, உங்க முடிச்சு ஊர் எதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.