13 அடி டிரெய்லர்: டாலரிலும் பவுண்டிலும் ஒரு கணக்கு

1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 13 அடி (3.96 மீட்டர்) நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் ஒன்றை உருவாக்கினார். அதற்கு முன் அவர் வடிவமைத்திருந்தது ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க். மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று. இரண்டையும் நடுவில் சேர்த்தால் வண்டியின் உடல் முடிந்தது. ‘போலர்’ என்ற பெயரில் 1988 வரை, 20 ஆண்டுகளில், ஏறத்தாழ 10,000 வண்டிகள் வெளிவந்தன. அதே மரபில் 1971-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பேக்கஸ் ஊரில் தொடங்கிய ஸ்கேம்ப், 13 அடி வண்டியைத் தொடர்ந்து தயாரித்து வருகிறது. கடைசியாக வந்த போலரின் வயதே இன்று 35-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இவ்வகைப் பழைய வண்டி வாங்குபவர், கூடவே சில பத்தாண்டுகளின் தேய்மானத்தையும் வாங்குகிறார்.

விற்பனை விளம்பரத்தில் இருப்பது விலை என்ற ஒரே எண். வாங்குபவருக்கு இரண்டு பேரேடுகள் தேவை. ஒன்று டாலரில், மற்றது பவுண்டில் (1 பவுண்டு = 0.454 கிலோ). கீழே வரும் செலவுகள் அமெரிக்கச் சந்தையின் சில்லறை விலைகளை ஒட்டிய மதிப்பீடு. எடைகள் ஒரு மாதிரி வண்டிக்கானவை. படிப்பவர் தம் வண்டியின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எடைக் கணக்கு

தன் 13 அடி வண்டியின் வெற்று எடை 1,200 முதல் 1,500 பவுண்டு வரை என்கிறது ஸ்கேம்ப் நிறுவனம். மாதிரி வண்டிக்கு 1,300 பவுண்டு என்று கொள்வோம். அதன்மேல் ஏறுபவை:

தண்ணீர், 12 காலன் (45 லிட்டர்): 100 பவுண்டு
நிரம்பிய புரோபேன் சிலிண்டர் ஒன்று: 37
ஈய-அமில பேட்டரி, 100 ஆம்பியர்-மணி: 60
கூரை ஏசி: 85
பக்கவாட்டுப் பந்தல்: 40
உதிரிச் சக்கரம், ஜாக்கி, கருவிகள்: 90
உணவு, பாத்திரம், படுக்கை, துணிமணி: 250

கூடுதல் 662 பவுண்டு. மொத்தம் 1,962 பவுண்டு (890 கிலோ). வெற்று எடையைவிட இது 51 சதவீதம் அதிகம். விற்பவர் 1,300 என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாலையில் ஓடுவது 1,962.

இதில் காரின் ஹிட்ச் பந்தின் மேல் இறங்கும் பங்கு 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வண்டி வால் ஆட்டும். கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி குறையும். 12 சதவீதம் என்றால் 235 பவுண்டு. முதல் வகுப்பு ஹிட்ச்சின் வரம்பு 2,000 பவுண்டு இழுவை, 200 பவுண்டு பந்துச் சுமை. நம் வண்டி முதல் எண்ணில் 38 பவுண்டு மிச்சத்தில் தேறி, இரண்டாவதில் 35 பவுண்டு மிகுந்து தோற்கிறது. மொத்த எடையை மட்டும் பார்த்துக் கார் தாங்கும் என்று முடிவு செய்வோர் தவறவிடும் இடம் இது.

குறைக்கவும் முடியும். ஏசியை இறக்கினால் 85, ஈய பேட்டரிக்குப் பதில் 26 பவுண்டு லித்தியம் வைத்தால் 34, 12 காலனுக்குப் பதில் 2 காலன் தண்ணீரோடு புறப்பட்டால் 83, பந்தலைக் கழற்றினால் 40, சாமானில் 60. ஆக 302 பவுண்டு. வண்டி 1,660 பவுண்டுக்கு (753 கிலோ) இறங்குகிறது. அதன் 12 சதவீதம் 199. வரம்புக்கு 1 பவுண்டு குறைவு. பங்கு 13 சதவீதமானால் 216. மீண்டும் வரம்பு மீறுகிறது. எனவே 3,500 பவுண்டு வரையான இரண்டாம் வகுப்பு ஹிட்ச்சும், அதற்கு ஏற்ற காரும் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிம்மதியாக முடியும்.

சக்கரமும் பிரேக்கும்

பந்தின் 235 போக ஆக்சிலின் மேல் நிற்பது 1,727 பவுண்டு. இந்த அளவு வண்டிகளில் பரவலாக உள்ள ரப்பர் டார்ஷன் ஆக்சிலின் தாங்குதிறன் 2,200 பவுண்டு என்றால், 79 சதவீதம் பயன்படுகிறது. எண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதிய ஆக்சிலுக்கான எண். எஃகுக் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் காலப்போக்கில் இறுகிச் சுருங்கும். அதை மட்டும் மாற்ற வழியில்லை, முழு ஆக்சிலையும் மாற்றியாக வேண்டும். குனிந்து பார்த்தாலே ஓரளவு தெரியும். ஆக்சில் குழாயிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கை, நல்ல நிலையில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். நின்ற வண்டியில் அது மேல்நோக்கி ஏறி, டயருக்கும் சக்கர வளைவுக்கும் இடையே விரல் நுழையும் இடம்தான் இருக்கிறதென்றால், பேரேட்டில் 800 டாலரை எழுதிவிட்டுப் பேரம் பேசலாம்.

டயரின் பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 இலக்கங்கள் அதன் பிறந்த வாரமும் ஆண்டும். 2314 என்றால் 2014-இன் 23-ஆம் வாரம். டிரெய்லர் டயரை 5 அல்லது 6 ஆண்டுகளில் மாற்றச் சொல்வது பொதுவான பரிந்துரை. தடம் புதிதாகத் தெரிவது கணக்கில் சேராது. 13 அங்குல ‘சி’ சுமைப் பிரிவு டயர் ஒன்று 50 பிஎஸ்ஐ காற்றில் 1,360 பவுண்டு தாங்கும். 35 பிஎஸ்ஐ-யில் ஏறத்தாழ 1,100. இரண்டு டயருக்கு 2,720 என்பது 2,200 ஆகிறது. காற்று மட்டும் குறைந்ததில் இழப்பு 520 பவுண்டு.

பிரேக் கட்டாயமாகும் எடை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தங்கும் டிரெய்லர்களுக்குக் கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டு, மினசோட்டாவில் 3,000, டெக்சாசில் 4,500. நம் 1,962 பவுண்டு வண்டிக்கு முதல் மாநிலத்தில் பிரேக் கட்டாயம், மற்ற இரண்டில் இல்லை. ஆனால் மணிக்கு 65 மைல் (105 கிமீ) வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் மூன்று இடங்களிலும் 376 கிலோஜூல். வேகத்தை 55 மைலுக்குக் (89 கிமீ) குறைத்தால் 269. குறைவு 28 சதவீதம். சட்டம் கேட்காவிட்டாலும் மின் பிரேக் போடுவது தேவை என்பதற்கு இந்த எண்ணே போதும்.

நீர்

மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்தால் மக்கும் ஆபத்து தொடங்கும். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய பழைய வண்டிகளில், சுவரும் கூரையும் சேரும் ஒவ்வொரு மூட்டும் நீர் புகும் வழி. இரு ஓட்டு ஃபைபர்கிளாஸ் வண்டியில் அந்த மூட்டுகள் இல்லை. அதனால்தான் 40, 50 வயதிலும் இவை மிஞ்சியிருக்கின்றன. ஆனால் ஜன்னல், கூரைத் துவாரம், ரிவெட் ஆகியவை உண்டு, தரை பிளைவுட்தான். இருக்கை மெத்தையைத் தூக்கிப் பெட்டியின் அடி மூலையில் திருப்புளி முனையை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் தரை வேலை இருக்கிறது.

மின்சாரம்

பழைய வண்டிகளின் 1141 வகை பல்பு ஒன்று 1.44 ஆம்பியர் இழுக்கும். 4 பல்பு, இரவுக்கு 4 மணி நேரம் என்றால் 23 ஆம்பியர்-மணி. 0.2 ஆம்பியர் எல்இடி போட்டால் 3.2. மிச்சம் 86 சதவீதம். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் ஆயுள் கெடாமல் எடுக்கத்தக்கது பாதி, அதாவது 50. அதில் 46 சதவீதத்தைப் பழைய பல்புகளே தின்கின்றன. சுமார் 50 டாலரில் முடியும் இந்த வேலையைப் பேட்டரி வாங்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

ஈய பேட்டரியில் கையில் கிடைப்பது 600 வாட்-மணி, பவுண்டுக்கு 10. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதம் எடுத்தால் 1,024 வாட்-மணி, பவுண்டுக்கு 39. எடைக்கு எடை ஏறத்தாழ 4 மடங்கு. இரண்டு நிபந்தனைகள் உண்டு. பழைய கன்வெர்ட்டர் தரும் 13.6 வோல்ட் இதற்குப் போதாது, 14.2 முதல் 14.6 வரை வேண்டும். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. வின்னிபெக், மினசோட்டா குளிரில் இது சிறிய நிபந்தனை அல்ல.

45 வாட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நாளில் 40 சதவீத நேரம் ஓடினால் 432 வாட்-மணி, விளக்குக்கு 41, கூடி 473. பேட்டரி மட்டும் இருந்தால் 2.2 நாள் தாங்கும். 100 வாட் சூரியத் தகடு 4.5 மணி வெயிலில், 30 சதவீத இழப்பு போக, 315 தரும். நாள் பற்றாக்குறை 158. தாங்கும் காலம் 6.5 நாள்.

டாலர் பேரேடு

கொள்முதல் விலை 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

பாதுகாப்பு: பிரேக்குடன் ஆக்சில் 800, இரண்டு டயர் ரிம்முடன் 220, பிரேக் கன்ட்ரோலர் 250, சேசிஸ் வெல்டிங் 400, பின்விளக்கும் வயரிங்கும் 130. கூடுதல் 1,800.

நீரும் வாயுவும்: ஜன்னல் பட்டை, பியூட்டைல் டேப், ரிவெட் 150, விசிறியுடன் கூரைத் துவாரம் 200, தரை 200, புரோபேன் ரெகுலேட்டர், குழாய், கசிவு எச்சரிக்கைக் கருவி 250. கூடுதல் 800.

வசதி: லித்தியம் பேட்டரி 300, சூரியத் தகடு 180, கன்வெர்ட்டர் 220, ஃபிரிட்ஜ் 600, மெத்தை 400, எல்இடி 50. கூடுதல் 1,750.

மூன்றும் 4,350. எதிர்பாராச் செலவுக்கு 20 சதவீதம், 870. பழுதும் மேம்பாடும் 5,220. மொத்தம் 11,220 டாலர். இதில் விளம்பரத்தில் இருந்தது 53 சதவீதம் மட்டுமே.

இந்தக் கணக்கில் கூலி சேரவில்லை. 60 மணி நேர வேலையை மணிக்கு 150 டாலர் வாங்கும் பட்டறைக்குக் கொடுத்தால் 9,000. வண்டியின் விலையைவிட 3,000 அதிகம்; மொத்தம் 20,220. பழைய வண்டி மலிவாக முடிவதற்குக் காரணம் வாங்குபவரின் சொந்த உழைப்பு. அதற்கு நேரமோ இடமோ இல்லாதவருக்கு, வேலை முடிந்த வண்டியைக் கூடுதல் விலைக்கு வாங்குவதே சிக்கனமாக இருக்கக்கூடும்.

ஓட்டச் செலவும் உண்டு. காலனுக்கு 25 மைல் தரும் கார், டிரெய்லரோடு 17 தருகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு 5,000 மைலுக்கு 200 காலன் என்பது 294 ஆகும். காலன் 3.50 டாலர் என்றால் கூடுதல் 329 டாலர். வசதிப் பட்டியலின் 1,750 டாலரை எட்ட 5 ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும்.

மதிப்பீட்டில் பாதுகாப்பும் நீர்த்தடுப்பும் சேர்ந்து 60 சதவீதம், வசதி 40. செலவின் வரிசையும் அப்படியே இருக்கட்டும். முதல் 2,600 டாலர் முடியும் வரை ஃபிரிட்ஜும் மெத்தையும் காத்திருக்கலாம். கையில் இருப்பது 8,000 டாலர் என்றால் 6,000 டாலர் வண்டியை வாங்கக் கூடாது. 2,600 கழித்து 5,400-க்குள் தேட வேண்டும். பணம் கொடுக்கும் முன், லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் சுமார் 15 டாலர் கட்டி வண்டியை எடை போடச் சொல்லிக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.